ஆர்டிஎஸ்-ல் போஸ்ட்கிரெஸ்: பிறகு மாற்ற முடியாதவற்றை முதலில் முடிவு செய்யுங்கள்

டேட்டாபேஸ் சர்வரை அமேசானே நிர்வகித்துத் தரும் கிளவுட் சேவை ஆர்டிஎஸ். அதில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஒன்றை எழுப்புவது சுலபம். பெயர், பாஸ்வேர்டு, அளவு என்று வரிசையாகக் கொடுத்துப் பொத்தானை அழுத்தினால், பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் எண்ட்பாயிண்ட், அதாவது அப்ளிகேஷன் இணைய வேண்டிய முகவரி, வந்துவிடும். அப்போது அவசரமாகத் தேர்ந்தெடுத்தவற்றின் விலை மாதங்கள் கழித்துத்தான் தெரியும். தணிக்கைக்கு வருபவர் டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கிறதா என்று கேட்பார். 500 கிகாபைட் டிஸ்க்கில் 30 கிகாபைட் தரவு இருப்பதைப் பில் பார்ப்பவர் கண்டுபிடிப்பார்.

இன்ஸ்டன்ஸ் (இப்படி எழுப்பும் டேட்டாபேஸ் சர்வர்) உருவாக்கும் அந்தப் பக்கத்தில் கேட்கப்படுபவற்றில் பெரும்பாலானவற்றைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். சிபியு, மெமரி, மல்டி ஏஸீ (வேறொரு டேட்டா சென்டரில் தயாராக நிற்கும் நகல்), பேக்கப் நாட்கள், டெலீஷன் புரொடெக்‌ஷன் (தவறி அழிப்பதற்குத் தடை) எல்லாம் இந்த வகை. சிலவற்றை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் புதிய இன்ஸ்டன்ஸ் எழுப்பி, தரவை நகர்த்தி, அப்ளிகேஷனைச் சிறிது நேரமாவது நிறுத்தியாக வேண்டும். ரீஜியன் (சர்வர்கள் இருக்கும் ஊர்ப்பகுதி), என்கிரிப்ஷன், டிஸ்க்கைச் சுருக்குவது, மாஸ்டர் யூசர் (முதன்மை நிர்வாகக் கணக்கு) பெயர், ஏறிவிட்ட மேஜர் வெர்ஷனிலிருந்து இறங்குவது ஆகியவை அப்படிப்பட்டவை. நேரத்தை இவற்றில் செலவிடுங்கள். பெரும்பாலானவற்றைத் தானே நிரப்பிவிடும் ஈசி கிரியேட் வேண்டாம். எல்லா அமைப்புகளையும் காட்டும் முழு வழியிலேயே போங்கள்.

ரீஜியன்

இந்தியாவில் அமேசானுக்கு இரண்டு ரீஜியன்கள்: 2016-ல் தொடங்கிய மும்பை, 2022-ல் தொடங்கிய ஹைதராபாத். பயனர்களுக்கு அருகில் இருப்பது நல்லதுதான். ஆனால் டேட்டாபேஸைப் பொறுத்தவரை அப்ளிகேஷன் சர்வர் எங்கே ஓடுகிறதோ அதே ரீஜியனில் இருப்பதுதான் முக்கியம். ஓஆர்எம் (எஸ்க்யூஎல்-ஐத் தானே எழுதித் தரும் லைப்ரரி) வழியாக எழுதிய சாதாரணப் பக்கம் ஒன்று 40 குவெரி (டேட்டாபேஸுக்கான கேள்வி) அனுப்புவது அபூர்வமல்ல. சர்வருக்கும் டேட்டாபேஸுக்கும் இடையே போய்வர 25 மில்லிசெகண்ட் ஆனால், அந்த 40 குவெரிக்கும் காத்திருப்பு மட்டுமே ஒரு முழு விநாடி. அதைத் தேடலை வேகமாக்கும் எந்த இண்டெக்ஸாலும் குறைக்க முடியாது.

நெட்வொர்க்

இன்ஸ்டன்ஸ் உருவாக்குவதற்கு முன்பே மூன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, டேட்டாபேஸ் சப்நெட் குரூப், அதாவது டேட்டாபேஸ் இருக்கக்கூடிய உள் நெட்வொர்க் பகுதிகளின் (சப்நெட்) பட்டியல். குறைந்தது இரண்டு அவைலபிலிட்டி ஸோன்களில் (ஒரே ரீஜியனுக்குள் தனித்தனி டேட்டா சென்டர்களில்) சப்நெட் இருந்தால்தான் ஆர்டிஎஸ் ஏற்கும். மல்டி ஏஸீ வேண்டாம் என்றாலும் இந்த நிபந்தனை உண்டு. இந்த சப்நெட்டுகள் பிரைவேட்டாக இருக்கட்டும், அதாவது அவற்றின் ரூட் டேபிளில் இண்டர்நெட் கேட்வேக்குப் போகும் வழி இருக்கக் கூடாது. இரண்டாவது, டேட்டாபேஸுக்கென்று தனி செக்யூரிட்டி குரூப், அதாவது யாரை உள்ளே விடுவது என்ற ஃபயர்வால் விதிகள். அதில் போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட்டுக்கு ஒரே ஒரு இன்பவுண்ட் விதி, அதன் சோர்ஸ் அப்ளிகேஷன் சர்வர்களின் செக்யூரிட்டி குரூப். ஐபி முகவரிகளை எழுதி வைத்தால், ஆட்டோ ஸ்கேலிங்கில் புதிதாக வரும் சர்வர் ஒவ்வொன்றும் டேட்டாபேஸ் கிடைக்காமல் நிற்கும். மூன்றாவது பாராமீட்டர் குரூப், போஸ்ட்கிரெஸ் அமைப்புகளின் தொகுப்பு. அதைக் கீழே பார்ப்போம்.

பப்ளிக் ஆக்சஸ் என்ற கேள்விக்கு 'நோ'. உங்கள் லேப்டாப்பிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக 'யெஸ்' கொடுத்து, 0.0.0.0/0 என்று உலகத்துக்கே திறந்துவிடுபவர்கள் நிறைய. 5432 போர்ட்டைத் தேடி அலையும் ஸ்கேனர்களுக்குக் குறைவில்லை. பாஸ்வேர்டு முயற்சிகள் லாகில் (பதிவேட்டில்) வரிசையாக விழத் தொடங்கும். உங்கள் ஐபிக்கு மட்டும் திறந்தாலும், வீட்டு பிராட்பேண்டில் ஐபி மாறியதும் இணைப்பு போய்விடும். அதே விபிசியில் (உங்கள் தனி நெட்வொர்க்கில்) சின்ன ஈசி2 (அமேசானின் வாடகை சர்வர்) ஒன்றை வைத்து, சிஸ்டம்ஸ் மேனேஜரின் செஷன் மேனேஜர் வழியாகப் போர்ட் ஃபார்வேர்டிங் செய்துகொள்ளுங்கள். அந்த ஈசி2-வில் எஸ்எஸ்எச் போர்ட்டைக்கூடத் திறக்க வேண்டியதில்லை. யார் எப்போது உள்ளே போனார்கள் என்ற பதிவும் கிடைக்கும்.

என்கிரிப்ஷன்

இதை உருவாக்கும்போதே இயக்கியாக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஸ்டன்ஸை நேரடியாக என்கிரிப்ட் செய்ய வழியில்லை. பிறகு தேவைப்பட்டால் செய்ய வேண்டியது இது: அப்ளிகேஷன் எழுதுவதை நிறுத்தி, ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்தின் முழு நகல்) எடுத்து, அந்த ஸ்னாப்ஷாட்டை என்கிரிப்ஷனோடு காப்பி செய்து, காப்பியிலிருந்து புதிய இன்ஸ்டன்ஸ் எழுப்பி, பழையதன் பெயரை மாற்றிவிட்டு அந்தப் பெயரைப் புதியதற்கு வைக்க வேண்டும். பெயரை மாற்றுவது எதற்கென்றால், எண்ட்பாயிண்ட் முகவரி இன்ஸ்டன்ஸ் பெயரை வைத்துத்தான் அமைகிறது. பெயர் அதேதான் என்றால் அப்ளிகேஷனில் கை வைக்க வேண்டாம். எல்லாம் முடிய எவ்வளவு நேரமாகும் என்பது தரவின் அளவைப் பொறுத்தது. அவ்வளவு நேரமும் தளம் எழுத முடியாத நிலையில் இருக்கும்.

எந்தச் சாவியால் என்கிரிப்ட் செய்வது என்பதும் இங்கேயே முடிவாகிறது. அமேசான் தானாகத் தரும் ஆர்டிஎஸ் சாவியைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஸ்னாப்ஷாட்டுகளை வேறொரு ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) கணக்குக்குப் பகிர முடியாது. பேக்கப்பைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று நாளை யாராவது சொல்வார்கள், அது நியாயமான கோரிக்கையும்கூட. எனவே கேஎம்எஸ் என்ற சாவி மேலாண்மைச் சேவையில் சொந்தமாக ஒரு சாவி உருவாக்கி அதையே கொடுங்கள். அந்தச் சாவியை அழிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை அன்றே சுருக்கிவிடுங்கள். சாவியை முடக்கினால் டேட்டாபேஸ் அணுக முடியாத நிலைக்குப் போகும். சாவி அழிந்தே போனால் தரவும் போனதுதான். கேஎம்எஸ் அழிப்புக்கு 7 முதல் 30 நாள் வரை காத்திருப்புக் காலம் வைத்திருப்பது இதனால்தான். அதை 30-லேயே வையுங்கள்.

டிஸ்க்

ஆர்டிஎஸ் டிஸ்க்கைக் கூட்டலாம், நேரடியாகக் குறைக்க முடியாது. குறைக்க வேண்டுமென்றால் ப்ளூ-கிரீன் டெப்ளாய்மென்ட் வழியாகச் சின்ன டிஸ்க் கொண்ட நகலுக்கு மாற வேண்டும், அல்லது தரவை டம்ப் (கோப்பாக ஏற்றுமதி) எடுத்துப் புதிய இன்ஸ்டன்ஸில் ஏற்ற வேண்டும். ஆகவே சின்னதாகத் தொடங்குங்கள். வகை ஜிபி3 (பொதுப் பயன்பாட்டு எஸ்எஸ்டி). போஸ்ட்கிரெஸுக்கு இதில் குறைந்த அளவு 20 கிகாபைட். 400 கிகாபைட்டுக்குக் கீழே எந்த அளவு எடுத்தாலும் 3,000 ஐஓபிஎஸ் (விநாடிக்கு எத்தனை முறை படிக்க, எழுத முடியும் என்ற எண்), விநாடிக்கு 125 மெகாபைட் கிடைக்கும். 400-ஐத் தொட்டதும் ஆர்டிஎஸ் உள்ளே டிஸ்க்கைப் பல துண்டுகளாகப் பிரித்து வைப்பதால் 12,000 ஐஓபிஎஸ், விநாடிக்கு 500 மெகாபைட் என்று தாவுகிறது. 350 கிகாபைட்டில் டிஸ்க் வேகம் போதவில்லை என்றால், இன்ஸ்டன்ஸைப் பெரிதாக்குவதற்கு முன் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பழைய பழக்கத்தில் முந்தைய தலைமுறை ஜிபி2 எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் கிகாபைட்டுக்கு 3 ஐஓபிஎஸ், குறைந்தபட்சம் 100. 20 கிகாபைட் டிஸ்க் 3,000 வரை சிறிது நேரம் பாயும். வேலை குறைந்த நேரத்தில் சேமித்து வைத்த கிரெடிட் தீர்ந்ததும் 100-க்கு விழும். காலையில் நன்றாக ஓடிய தளம் மதியம் படுத்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம்.

ஸ்டோரேஜ் ஆட்டோஸ்கேலிங்கை இயக்குங்கள், ஆனால் உச்சவரம்பை யோசித்து வையுங்கள். காலி இடம் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கி 5 நிமிடமாவது நீடித்தால் அது தானாகக் கூட்டும். ஒருமுறை கூட்டிய பிறகு சில மணி நேரத்துக்கு மறுபடி கூட்ட முடியாமல் போகலாம். அதனால் ஒரே இரவில் பெரிய இம்போர்ட் ஓட்டினால் ஆட்டோஸ்கேலிங்கை நம்ப வேண்டாம். முன்கூட்டியே கையால் கூட்டிவிடுங்கள். டிஸ்க் நிறைந்தால் போஸ்ட்கிரெஸ் நின்றுவிடும்.

தரவு கூடாமலே டிஸ்க் நிறைவதும் உண்டு. பெரும்பாலும் கைவிடப்பட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட்தான் காரணம், அதாவது மாற்றங்களை வெளியே படிப்பவர் எதுவரை படித்தார் என்ற குறிப்பு. டெபீசியம் அல்லது அமேசானின் டிஎம்எஸ் போன்ற கருவியை வைத்துத் தரவை வேறெங்கோ அனுப்பிப் பார்த்துவிட்டு அந்த ஓடையை நிறுத்தியிருப்பார்கள். ஸ்லாட்டை அழித்திருக்க மாட்டார்கள். அந்த ஸ்லாட் படிக்கும் வரை வால் கோப்புகளை (மாற்றங்களின் பதிவுகளை) போஸ்ட்கிரெஸ் பத்திரமாக வைத்துக்கொண்டே இருக்கும். பிஜி ரெப்ளிகேஷன் ஸ்லாட்ஸ் என்ற வியூவில், ஆக்டிவ் என்ற பத்தியில் ஃபால்ஸ் என்று தெரிவதுதான் குற்றவாளி. இந்த நிலையில் ஆட்டோஸ்கேலிங் செய்வதெல்லாம் குப்பைக்கு இடம் வாங்குவது. வாங்கிய இடத்தை நேரடியாகத் திருப்பித் தரவும் முடியாது.

வெர்ஷனும் பெயர்களும்

போஸ்ட்கிரெஸ் சமூகம் ஒவ்வொரு மேஜர் வெர்ஷனுக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு தருகிறது. ஆர்டிஎஸ்-ன் வழக்கமான ஆதரவும் ஏறத்தாழ அதைத் தொட்டே முடிகிறது. அதன் பிறகும் பழைய வெர்ஷனில் இருந்தால் எக்ஸ்டெண்டட் சப்போர்ட் என்ற பெயரில் விசிபியு (மெய்நிகர் சிபியு) கணக்கில் தனிக் கட்டணம் விழும். போஸ்ட்கிரெஸ் 11-க்கு 2024 ஏப்ரல் முதல் அப்படித்தான் விழத் தொடங்கியது. புதிதாக எழுப்புபவர்கள் கடைசி மேஜர் வெர்ஷனையோ அதற்கு முந்தையதையோ எடுங்கள். முடிவெடுக்கும் முன் உங்களுக்கு வேண்டிய எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதல் வசதிப் பொதிகள்) அந்த வெர்ஷனுக்கான ஆர்டிஎஸ் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். பட்டியலில் இல்லாததைப் பெரும்பாலும் நீங்களே போட்டுக்கொள்ள முடியாது, ஏனென்றால் சர்வரின் கோப்புகளுக்கு உங்களுக்கு அனுமதி கிடையாது.

மாஸ்டர் யூசரின் பெயரைப் பிறகு மாற்ற முடியாது. பாஸ்வேர்டை மாற்றலாம். அதில் சாய்கோடு, இரட்டை மேற்கோள், அட் குறி, இடைவெளி ஆகியவற்றை ஆர்டிஎஸ் ஏற்காது. அது ஏற்கும் ஹாஷ், சதவீதக் குறி போன்றவையும் இணைப்பு யுஆர்எல்லில் எழுதும்போது என்கோட் செய்யப்பட வேண்டும். இல்லையென்றால் பாஸ்வேர்டு பாதியில் வெட்டுப்படும். எழுத்துகளும் எண்களும் மட்டும் கொண்ட நீளமான பாஸ்வேர்டு போதும்.

பாஸ்வேர்டை அமேசானின் சீக்ரெட்ஸ் மேனேஜரே நிர்வகிக்கட்டும் என்று தேர்ந்தெடுப்பது நல்ல வழி. ஆனால் அப்போது இயல்பாகவே 7 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டு மாறும். அதை ஒருமுறை எடுத்து என்வ் கோப்பில் (அப்ளிகேஷனின் அமைப்புக் கோப்பில்) ஒட்டி வைத்தால் அடுத்த வாரமே அப்ளிகேஷன் உள்ளே போக முடியாமல் நிற்கும். மாஸ்டர் கணக்கை அப்ளிகேஷனுக்குக் கொடுக்கவே கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனிஷியல் டேட்டாபேஸ் நேம் என்ற பெட்டி கூடுதல் அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும். காலியாக விட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் எப்படியும் இருக்கும், உள்ளே போய் உங்களுடையதை உருவாக்கிக்கொள்ளலாம்.

அளவும் கனெக்‌ஷனும்

டி4ஜி மைக்ரோ என்ற சின்ன இன்ஸ்டன்ஸ் வகையில் 2 விசிபியு, 1 கிகாபைட் மெமரி. சோதனைக்குச் சரி. டி3, டி4ஜி வகை இன்ஸ்டன்ஸ்கள் ஆர்டிஎஸ்-ல் அன்லிமிடெட் முறையில் ஓடுபவை. சிபியு கிரெடிட் தீர்ந்தால் வேகம் குறையாது, பில் கூடும். நாள் முழுக்க வேலை இருக்கும் டேட்டாபேஸ் என்றால் எம்7ஜி லார்ஜ் போன்ற ஒன்று, 2 விசிபியு, 8 கிகாபைட். பிறகு மாற்றலாம், மாற்றும்போது சில நிமிடம் இணைப்பு போகும், அவ்வளவுதான்.

சின்ன இன்ஸ்டன்ஸில் முதலில் முட்டுவது கனெக்‌ஷன் எண்ணிக்கை. மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் மதிப்பை ஆர்டிஎஸ் மெமரியிலிருந்து கணக்கிடுகிறது: பைட்டில் உள்ள மெமரியை 9531392-ஆல் வகுத்து, 5,000-க்கு மேல் போகாமல் வைக்கும். 1 கிகாபைட்டுக்கு இந்தக் கணக்கு 112 தரும். இயக்க முறைமைக்கும் ஆர்டிஎஸ்-ன் சொந்த வேலைக்கும் மெமரி ஒதுக்கிய பிறகுதான் கணக்கு என்பதால் உண்மையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. இப்போது உங்கள் பக்கக் கணக்கு: 4 சர்வர், ஒவ்வொன்றிலும் 4 வொர்க்கர் (அப்ளிகேஷன் பிராசஸ்), ஒவ்வொரு வொர்க்கருக்கும் 10 கனெக்‌ஷன் பூல் (திறந்தே வைத்திருக்கும் இணைப்புகள்) என்றால் 160. புது வெர்ஷன் டெப்ளாய் ஆகும்போது பழைய சர்வர்களும் புதியவையும் ஒரே நேரத்தில் நிற்கும். அந்தச் சில நிமிடம் 320.

இதைப் பார்த்து மேக்ஸ் கனெக்‌ஷன்ஸை 500-க்குத் தூக்கி வைப்பது தவறான மருந்து. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்‌ஷனும் தனி பிராசஸ். வொர்க் மெம் (குவெரி வேலைக்கான மெமரி) மதிப்பும் ஒரு கனெக்‌ஷனுக்கு ஒன்று என்று கணக்காகாது. குவெரிக்குள் வரும் ஒவ்வொரு ஸார்ட்டும் ஹாஷும் அதைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளும். மெமரி தீர்ந்து டேட்டாபேஸ் மறுதொடக்கம் ஆகிவிடும். பூல் அளவை 3, 4 என்று குறையுங்கள். அதுவும் போதவில்லை என்றால் நடுவில் இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பிஜி பவுன்சரோ ஆர்டிஎஸ் பிராக்ஸியோ வையுங்கள்.

பாராமீட்டர் குரூப்

இயல்பாகக் கிடைக்கும் டீஃபால்ட் குரூப்பில் எதையும் திருத்த முடியாது. பிறகு சொந்த குரூப்புக்கு மாற்றினால் ரீபூட் செய்ய வேண்டும். எனவே முதல் நாளே சொந்த குரூப் உருவாக்கிக் கொடுங்கள், உள்ளே எதையும் மாற்றாவிட்டாலும் சரி. மாற்ற வேண்டியவை என்று நான் சொல்வது இரண்டு. லாக் மின் டியூரேஷன் ஸ்டேட்மென்ட் 1000, அதாவது ஒரு விநாடிக்கு மேல் ஓடும் குவெரி லாகில் விழும். ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன் செஷன் டைம்அவுட் 60000, அதாவது ஒரு நிமிடம். ஆர்டிஎஸ்-ல் இதன் இயல்பான மதிப்பு ஒரு முழு நாள். பிகின் சொல்லிவிட்டு கமிட் செய்யாமல் தூங்கும் ஒரே ஒரு கனெக்‌ஷன் டேபிள்மீதான லாக்குகளை (பூட்டுகளை) பிடித்துக்கொண்டிருக்கும், பழைய வரிகளைச் சுத்தம் செய்யும் வாக்யூமையும் வேலை செய்ய விடாது. அதை ஒரு நாள் முழுக்கப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை.

முதல் இணைப்பு

இணைக்க முடியாதபோது வரும் பிழைச் செய்தியே வழி காட்டும். டைம்அவுட் என்றால் செக்யூரிட்டி குரூப் அல்லது ரூட், பாஸ்வேர்டைத் தொடாதீர்கள். கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு என்றால் தவறான போர்ட், அல்லது இன்ஸ்டன்ஸ் ரீபூட் ஆகிக்கொண்டிருக்கிறது. பிஜி எச்பிஏ கோப்பில் பதிவு இல்லை, நோ என்கிரிப்ஷன் என்று வந்தால் நீங்கள் எஸ்எஸ்எல் (மறைத்து அனுப்பும் இணைப்பு) இல்லாமல் வந்திருக்கிறீர்கள். போஸ்ட்கிரெஸ் 15 முதல் ஆர்டிஎஸ் அதை இயல்பாகவே கட்டாயமாக்கியிருக்கிறது. டேட்டாபேஸ் இல்லை என்று யூசர் பெயரையே சொன்னால், டேட்டாபேஸ் பெயர் கொடுக்க மறந்திருக்கிறீர்கள்.

எஸ்எஸ்எல் மோடு ரெக்வயர் என்பது பயணத்தை மட்டும் மறைக்கும், எதிரில் இருப்பது யார் என்று சரிபார்க்காது. அமேசான் தரும் குளோபல் பண்டில் சான்றிதழ் கோப்பை இறக்கி அப்ளிகேஷனோடு வைத்து, வெரிஃபை ஃபுல் கொடுங்கள். நோட் ஜேஎஸ்-ல் சான்றிதழ்ப் பிழை வந்ததும் சரிபார்ப்பையே அணைத்துவிடும் ஒரு வரித் தீர்வு இணையமெங்கும் கிடைக்கிறது. அதைத் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

உள்ளே போனதும் இரண்டு ரோல் (டேட்டாபேஸ் கணக்கு) உருவாக்குங்கள்: டேபிள்களுக்கு உரிமையாளராக, மைக்ரேஷன் (டேபிள் அமைப்பு மாற்றங்கள்) ஓட்ட ஒன்று, படிக்கவும் எழுதவும் மட்டும் அப்ளிகேஷனுக்கு ஒன்று. போஸ்ட்கிரெஸ் 15 முதல் பப்ளிக் ஸ்கீமாவில் (டேபிள்களின் இயல்பான தொகுப்பில்) எல்லோரும் டேபிள் உருவாக்க முடியாது. பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றுபவர்கள் பெர்மிஷன் டினைட் ஃபார் ஸ்கீமா பப்ளிக் என்று நிற்பது இங்கேதான். மைக்ரேஷன் ரோலுக்கு அந்த ஸ்கீமாவில் கிரியேட் உரிமை கொடுங்கள். இனி உருவாகும் டேபிள்களுக்கு உரிமை தரும் ஆல்டர் டீஃபால்ட் பிரிவிலெஜஸ் கட்டளையை மைக்ரேஷன் ரோலாக உள்ளே வந்து ஓட்டுங்கள். மாஸ்டராக ஓட்டினால் மாஸ்டர் உருவாக்கும் டேபிள்களுக்கு மட்டுமே அது செல்லும், அடுத்த மைக்ரேஷனில் வரும் புது டேபிளை அப்ளிகேஷனால் படிக்க முடியாது.

தமிழ்ப் பெயர்களைச் சேமிப்பவர்களுக்கு இடையில் ஒரு செய்தி. வார்ச்சார் 20 என்ற பத்தி வகையில் 20 என்பது யூனிகோட் குறிகளின் எண்ணிக்கை. தமிழ்ச்செல்வன் என்பது நமக்கு 8 எழுத்து; போஸ்ட்கிரெஸுக்கு 14 குறி, டிஸ்க்கில் 42 பைட். பெயர்ப் பத்திகளுக்கு டெக்ஸ்ட் வகையே போதும். டேட்டாபேஸை சி கொலேஷனில் (சி என்ற வரிசை விதியில்) உருவாக்கியிருந்தால் யூனிகோட் வரிசைதான் வரும்: ந-வை அடுத்து ன, வ-வுக்கு முன்பே ழ. அகரவரிசை வேண்டிய பத்திக்கு ஐசியு என்ற யூனிகோட் லைப்ரரியின் தமிழ் கொலேஷனைக் கொடுங்கள்.

பழைய தரவை ஏற்றுவது

அதே விபிசியில் உள்ள ஈசி2-விலிருந்து செய்யுங்கள். வீட்டு இணைப்பில் பாதியில் அறும். பிஜி டம்ப்பின் வெர்ஷன் மூல சர்வரின் வெர்ஷனுக்குக் குறையக் கூடாது. கஸ்டம் வடிவத்தில் டம்ப் எடுத்து, பிஜி ரீஸ்டோரில் நோ ஓனர், நோ பிரிவிலெஜஸ் இரண்டையும் கொடுத்து, நான்கு ஜாப்களாக ஓட்டுங்கள். ஆர்டிஎஸ்-ல் உண்மையான சூப்பர்யூசர் கிடையாது என்பதால், அவை இல்லாமல் ஓட்டினால் உரிமை தொடர்பான பிழைகள் பக்கம் பக்கமாக வரும். சர்வரில் உள்ள கோப்பிலிருந்து காப்பி செய்யும் கட்டளையும் ஓடாது. பிஎஸ்க்யூஎல்-ன் பின்சாய்கோட்டு காப்பியைப் பயன்படுத்துங்கள். ஏற்றி முடித்ததும் அனலைஸ் ஓட்டுங்கள். அதற்கு முன் குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவு செய்யும் பிளானருக்கு டேபிள்களின் அளவே சரியாகத் தெரியாது. இண்டெக்ஸை விட்டுவிட்டு முழு டேபிளையும் படிக்கத் தொடங்கும்.

அலாரம், பேக்கப், மீட்பு

அமேசானின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்ச்-ல் காலி டிஸ்க், சிபியு, கனெக்‌ஷன் எண்ணிக்கை மூன்றுக்கும் அலாரம் வையுங்கள். காலி டிஸ்க்கின் அலகு பைட். 10 கிகாபைட் என்று நினைத்து வெறும் 10 எழுதினால் அந்த அலாரம் ஒருபோதும் அடிக்காது. 10737418240 என்று எழுத வேண்டும்.

மல்டி ஏஸீ இயக்கினால் வேறொரு ஸோனில் ஸ்டாண்ட்பை நிற்கும். முதன்மை விழுந்தால் பொதுவாக 60 முதல் 120 விநாடிக்குள் எண்ட்பாயிண்ட் அதற்குத் திரும்பும். முகவரி மாறாது, அதன் பின்னால் உள்ள ஐபி மாறும். ஜாவா அப்ளிகேஷன்கள் டிஎன்எஸ் விடையை நீண்ட நேரம் பிடித்து வைத்திருந்தால், டேட்டாபேஸ் எழுந்த பிறகும் பழைய ஐபியைத் தட்டிக்கொண்டிருக்கும். அந்த கேஷ் நேரத்தைச் சில விநாடிகளாகக் குறையுங்கள். இந்த ஒற்றை ஸ்டாண்ட்பையிலிருந்து படிக்க முடியாது. அதோடு, யாராவது எஸ்க்யூஎல்-ன் 'வேர்' நிபந்தனை இல்லாமல் டெலீட் ஓட்டினால் அது ஸ்டாண்ட்பையிலும் அந்தக் கணமே அழிந்துவிடும். அதற்கு பேக்கப் மட்டுமே துணை.

பேக்கப்பை 35 நாள் வரை வைக்கலாம். 7-க்குக் குறைக்காதீர்கள். பேக்கப், மெயின்டனன்ஸ் நேரங்கள் யுடிசியில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலக நேரத்தில்) கேட்கப்படும்: ஞாயிறு அதிகாலை 2:30 வேண்டுமென்றால் சனி 21:00 என்று எழுதுங்கள். டெலீஷன் புரொடெக்‌ஷனையும் இயக்கிவிடுங்கள்.

வைத்திருக்கும் நாட்களுக்குள் எந்த விநாடிக்கும் திரும்பலாம். மிக அண்மையது பெரும்பாலும் 5 நிமிடத்துக்கு முன்பு வரை. ஆனால் மீட்பு எப்போதும் புதிய இன்ஸ்டன்ஸாக, புதிய எண்ட்பாயிண்டோடுதான் எழும். நீங்கள் தேர்ந்தெடுக்காவிட்டால் டீஃபால்ட் பாராமீட்டர் குரூப்பும் டீஃபால்ட் செக்யூரிட்டி குரூப்பும் ஒட்டிக்கொள்ளும். மீட்டது எழுந்துவிட்டது, அப்ளிகேஷன் மட்டும் டைம்அவுட் ஆகிறது என்றால் இதைத்தான் முதலில் பாருங்கள். எழுந்த உடனே வேகமும் இருக்காது, ஏனென்றால் தரவு அமேசானின் சேமிப்பகமான எஸ்3-லிருந்து கேட்கக் கேட்கத்தான் டிஸ்க்குக்கு வருகிறது. முக்கியமான டேபிள்களை ஒருமுறை முழுக்கப் படிக்க வைத்த பிறகு பயனர்களை அனுப்புங்கள்.

அப்ளிகேஷன் நேரலைக்குப் போகும் முன் இந்த மீட்பை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எவ்வளவு நேரமானது, எந்தெந்த அமைப்பைக் கையால் கொடுக்க வேண்டியிருந்தது என்று எழுதி வையுங்கள். முடிந்ததும் சோதனை இன்ஸ்டன்ஸை ஸ்டாப் செய்யாமல் டெலீட் செய்யுங்கள். ஸ்டாப் செய்தது 7 நாளில் தானாகவே எழுந்துவிடும், அதுவரை டிஸ்க்குக்கும் கட்டணம் உண்டு. டெலீட் செய்யும்போது ஃபைனல் ஸ்னாப்ஷாட் என்ற பெட்டியில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அழிக்கும் முன் மேலே உள்ள பெயரை இன்னொருமுறை படித்துக்கொள்ளுங்கள்.